ரசீதில் ஒரு வரி

கதை எழுதுகிறவனுக்கும் வரி வசூலிக்கிற அதிகாரிக்கும் தொழிலில் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டு பேருமே பெயர் வைத்துப் பிழைக்கிறவர்கள். கதாபாத்திரத்துக்குச் சரியான பெயர் அகப்படும் வரையில் எனக்குக் கதை நகராது. சரக்குக்குச் சரியான பெயர் அகப்படும் வரையில் அவருக்கு வசூல் நகராது. நான் வைத்த பெயர் பொருந்தாமல் போனால் வாசகர் யாராவது கோபமாக ஒரு கடிதம் எழுதுவார், அதோடு தீர்ந்தது. அவர் வைத்த பெயர் பொருந்தாவிட்டாலோ விவகாரம் கோர்ட்டுக்குப் போகும், வருஷக்கணக்கில் நடக்கும், கடைசியில் பெரிய பெரிய நீதிபதிகள் கூடி உட்கார்ந்து, தக்காளி காயா, பழமா என்று தீர்ப்பு எழுத வேண்டி வரும்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. 1893-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு மெய்யாகவே அப்படி ஒரு தீர்ப்பு எழுதியது. அந்த நாட்டில் அப்போது இறக்குமதியாகும் காய்கறிகளுக்குத் தீர்வை உண்டு, பழங்களுக்கு இல்லை. தக்காளி இறக்குமதி செய்த நியூயார்க் வியாபாரிகள், "தாவர சாஸ்திரப்படி இது பழம், ஆகவே தீர்வையைத் திருப்பிக் கொடுங்கள்" என்றார்கள். சாஸ்திரம் அப்படித்தான் சொல்கிறது என்று கோர்ட்டாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஜனங்கள் அதைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுகிறார்களே ஒழிய, சாப்பாட்டுக்குப் பின் பழமாக யாரும் சாப்பிடுவதில்லை. எனவே காய்கறிதான் என்று முடித்துவிட்டார்கள்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. 1961-ல் நம் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வெற்றிலை வழக்கு வந்தது. காய்கறிக்கு விற்பனை வரி கிடையாது. வெற்றிலையும் காய்கறிதானே என்று அகோலா ஊர் வியாபாரி ஒருவர் வாதாடினார். எவ்வளவு துணிச்சல் பாருங்கள்! "காய்கறி வாங்கி வா" என்று பணம் கொடுத்து அனுப்பினால் எந்தப் பிள்ளையாவது ஒரு கவுளி வெற்றிலையோடு வீடு திரும்புவானா? கோர்ட்டாரும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்த்தார்கள். ஜனங்களின் வழக்குப் பேச்சில் வெற்றிலை காய்கறி ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு தீர்ப்புகளிலும் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்றுதான். சாஸ்திரக்காரரின் அகராதியை ஒதுக்கி வைத்துவிட்டு, கடைத்தெருவில் நாலு பேர் எப்படிப் பேசுகிறார்களோ, அதுவே சட்டத்தின் பேச்சும் ஆகும் என்று இரண்டு நாட்டு நீதிபதிகளும் சொன்னார்கள். வாசகர்கள் இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேண்டியிருக்கும்.

தக்காளியும் வெற்றிலையும் கையில் எடுத்துப் பார்க்கக் கூடியவை. காய் என்றாலும் இலை என்றாலும், ஏதோ ஒன்று ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறியது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கைக்கே அகப்படாத ஒன்றை விற்றால் என்ன செய்வது? காசு மாத்திரம் கை மாறி, பதிலுக்கு எதுவுமே கை மாறாவிட்டால் அதை விற்பனை என்று சொல்லலாமா? சொல்லாவிட்டால் விற்பனை வரி எப்படிப் போடுவது? இன்டர்நெட்டில் ஆடும் விளையாட்டுகளுக்குக் கட்டும் சந்தாவைச் சுற்றி அமெரிக்காவில் நடந்த விவகாரங்கள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து கிளம்பியவைதாம்.

இந்த விளையாட்டுகளைப் பற்றி அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. பழைய நாளில் பிள்ளைகள் ஆடிய கம்ப்யூட்டர் விளையாட்டு, கடையில் வாங்கி வந்து வீட்டில் தனியாக ஆடுவது. பிறகு வந்தவை அப்படியல்ல. ஆயிரக்கணக்கான பேர் ஒரே கற்பனை நாட்டுக்குள் ஒரே சமயத்தில் புகுந்து, கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து, கோட்டை பிடித்து, அரக்கர்களைக் கொன்று, வியாபாரமும் செய்து, சில சமயம் கல்யாணமும் செய்துகொள்ளும் விளையாட்டுகள். 2004-ல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' அவற்றில் பேர் பெற்றது. அமெரிக்காவில் அதற்கு மாதச் சந்தா ஏறக்குறைய 15 டாலர். 2010-ல் உலகம் முழுவதும் 1 கோடியே 20 லட்சம் பேர் அதற்குச் சந்தாதாரர்கள். நம் பத்திரிகை முதலாளிகள் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்!

2018-ம் வருஷக் குளிர்காலத்தில் நான் சிக்காகோவில் என் பெண்ணின் வீட்டில் இருந்தேன். பேரனுக்கு அப்போது வயது பதினான்கு. அவனும் இப்படி ஒரு விளையாட்டுக்கு மாதம் 15 டாலர் சந்தா கட்டி வந்தான். அந்தப் பணத்தை அவன் அப்பாவிடம் கேட்பதில்லை. பனி கொட்டும் நாட்களில் அக்கம்பக்கத்து வீட்டு வாசல்களில் பனியை வாரித் தள்ளிச் சம்பாதிப்பான். உழைத்துச் சம்பாதிக்கிறவனுக்குத்தான் கணக்கில் கண் இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"தாத்தா, 1 டாலர் 35 சென்ட் கூடப் போயிருக்கு, பாருங்கோ. விலையை ஏத்திட்டாளா?"

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். விலை ஏறவில்லை. பழைய 15 டாலர் அப்படியே இருந்தது. அதன் கீழே புதிதாக ஒரு வரி. 'அம்யூஸ்மென்ட் டாக்ஸ், 9 சதவீதம்' என்று எழுதியிருந்தது.

"இது விலை இல்லைடா. கேளிக்கை வரி" என்றேன்.

சொன்னவுடனே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் தலைமுறைக்கு இது எவ்வளவு பழகின சொல்! சென்னை மாகாணத்தில் கேளிக்கை வரிச் சட்டம் வந்தது 1939-ல். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவர்கள்கூட, டிக்கெட் காசில் சர்க்காருக்கும் ஒரு பங்கு கொடுத்தவர்கள்தாம். அந்த விவரத்தைப் பேரனுக்குச் சொன்னேன். அவன் யோசித்தான்.

"சரி தாத்தா, நீங்க கொட்டகைக்குப் போனீங்க. நான் எங்கேயும் போகலையே? என் ரூம்லதானே உட்கார்ந்திருக்கேன்?"

பதினான்கு வயதுப் பையன் கேட்ட இந்தக் கேள்வியைத்தான் சிக்காகோவில் வக்கீல்கள் கோர்ட்டு கோர்ட்டாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் விற்பனை வரி என்பது மாநிலங்களின் சமாசாரம். மத்திய சர்க்கார் அதில் தலையிடுவதில்லை. ஆரிகன், டெலவேர், மான்டானா, நியூ ஹாம்ப்ஷயர், அலாஸ்கா ஆகிய ஐந்து மாநிலங்கள் மாநில அளவில் அந்த வரியே போடுவதில்லை. மற்ற மாநிலங்களில் பெரும்பாலானவை 1930-களின் பொருளாதார மந்தத்தில் கஜானா காலியானபோது அதைக் கண்டுபிடித்தவை. அந்தக் காலத்துச் சட்டங்கள், தொட்டுப் பார்க்கக் கூடிய பொருளுக்குத்தான் வரி என்று எழுதின. சட்டம் எழுதியவர்கள் மூட்டையையும் பெட்டியையும் மனத்தில் வைத்துக்கொண்டு எழுதினார்கள். கம்பி வழியாக வரும் அரக்கனையும் கோட்டையையும் அவர்கள் கண்டார்களா?

இதற்கு ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வழி பிடித்தது. வாஷிங்டன் மாநிலம் 2009-ல் தன் சட்டத்தையே திருத்தி, கம்ப்யூட்டர் வழியாகக் கொடுக்கப்படும் சரக்குகளையும் சேவைகளையும் விற்பனை வரிக்குள் இழுத்துக்கொண்டது. இல்லினாய் மாநிலம் அப்படிச் செய்யவில்லை. ஆனால் அந்த மாநிலத்தில் இருக்கும் சிக்காகோ நகரம் சும்மா இருக்கவில்லை. நகர சபையிடம் ஏற்கெனவே ஒரு கேளிக்கை வரி இருந்தது. நாடகம், பந்தயம், வேடிக்கை என்று எதிலும் நுழைந்து பார்ப்பதற்கோ கலந்துகொள்வதற்கோ கொடுக்கும் கட்டணத்தின் மேல் அந்த வரி. 2015-ல் நகரத்து நிதி இலாகா ஒரு விளக்கம் வெளியிட்டது. புதுச் சட்டம் இல்லை. பழைய சட்டத்துக்குப் புது விளக்கம். கம்ப்யூட்டர் வழியாகப் படம் பார்ப்பது, பாட்டுக் கேட்பது, விளையாட்டு ஆடுவது எல்லாம் கேளிக்கைதான்; ஆகவே 9 சதவீதம் என்றது.

அந்த விளக்கத்தில் ஒரு நுட்பம் இருந்தது. ஒரு படத்தையோ பாட்டையோ என்றைக்கும் தனக்கே என்று விலை கொடுத்து இறக்கிக்கொண்டால், அது கேளிக்கை அல்ல. அதற்கு இந்த வரி இல்லை. சந்தா கட்டிக் கொஞ்ச காலம் அனுபவித்தால்தான் வரி. அதாவது, "நீ எதையும் வாங்கவில்லை அப்பா. கொட்டகைக்குள் நுழைந்தாய், வேடிக்கை பார்த்தாய், ஆடினாய். நுழைவுக் கட்டணத்துக்கு உரிய வரியைக் கொடு" என்று நகரம் சொல்லிற்று. என் பேரனின் அறை கொட்டகை ஆகிவிட்டது.

சிக்காகோவாசிகள் சிலர் அதே 2015-ல் வழக்குப் போட்டார்கள். வாதங்கள் ருசியானவை. கடைகளில் காசு போட்டு ஆடும் விளையாட்டு இயந்திரங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றுக்கு நகரம் இயந்திரத்துக்கு இவ்வளவு என்று வருஷத்துக்கு ஒரு நிலையான தொகைதான் வாங்குகிறது; அதே விளையாட்டை வீட்டில் ஆடினால் மட்டும் நூற்றுக்கு ஒன்பதா என்பது ஒரு வாதம். சந்தா பில் எந்த விலாசத்துக்குப் போகிறதோ அதை வைத்து வரி போடுகிறீர்களே. சிக்காகோ விலாசம் உள்ளவன் விடுமுறைக்கு வேறு ஊர் போய் அங்கே உட்கார்ந்து ஆடினால், நகர எல்லைக்கு வெளியே நடக்கும் காரியத்துக்கு நகரம் வரி வாங்கலாமா என்பது இன்னொரு வாதம்.

இந்த இரண்டாவது வாதத்தின் வேடிக்கையை நான் என் மகள் வீட்டிலேயே பார்த்தேன். பேரனோடு கூட்டுச் சேர்ந்து தினமும் ஆடுகிற சிநேகிதன் ஒருவன் நகர எல்லைக்கு அப்பால் உள்ள ஊரில் இருந்தான். இரண்டு பேரும் ஒரே படையில் சேர்ந்து, ஒரே இரவில், ஒரே அரக்கனின் தலையை வெட்டினார்கள். இவன் ரசீதில் 1 டாலர் 35 சென்ட் வரி. அவன் ரசீதில் இல்லை. அரக்கன் எந்த ஊரில் செத்தான் என்பதை விலாசத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது!

கோர்ட்டார் நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். 2018-ல் கீழ்க் கோர்ட்டும், 2019-ல் இல்லினாய் அப்பீல் கோர்ட்டும் வரி செல்லும் என்றன. கடையில் நிற்கும் இயந்திரமும் எங்கும் கொண்டுபோய் அனுபவிக்கக் கூடிய சந்தாவும் ஒன்றல்ல. வேறு வேறு விதமாக வரி போடலாம் என்றார்கள். பில் விலாசத்தை அடையாளமாக வைத்துக்கொள்வதும் நியாயமே என்றார்கள். அதற்குள்ளேயே, 2018 நவம்பரில் சோனி கம்பெனி தன் பிளேஸ்டேஷன் சந்தாக்களுக்குச் சிக்காகோ விலாசக்காரர்களிடம் இந்த 9 சதவீதத்தை வசூலிக்கத் தொடங்கியிருந்தது.

அதே 2018-ல், ஜூன் மாதம், இதைவிடப் பெரிய ஒரு தீர்ப்பு வாஷிங்டன் நகரில் சுப்ரீம் கோர்ட்டில் வந்திருந்தது. அதுவரையில் வெளி மாநில வியாபாரிக்கு ஒரு சலுகை உண்டு. தபாலில் ஆபீஸ் சாமான்கள் விற்ற ஒரு கம்பெனிக்கும் வடக்கு டகோட்டா மாநிலத்துக்கும் நடந்த வழக்கில், 1992-ல் கோர்ட்டு ஒரு கோடு கிழித்திருந்தது. கடையோ கிடங்கோ ஆளோ தன் மண்ணில் இல்லாத வியாபாரியை, வரி வசூலித்துக் கொடு என்று மாநிலம் கட்டாயப்படுத்த முடியாது. வாங்குகிறவர் தாமே கணக்குப் பார்த்துச் சர்க்காருக்குச் செலுத்த வேண்டும் என்று சட்டம் இருந்தது. அப்படிச் செலுத்தும் புண்ணியவான்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2018-ல் தெற்கு டகோட்டா மாநிலம் அந்தக் கோட்டை அழிக்கும்படி கேட்டது. வருஷத்தில் 1 லட்சம் டாலருக்கு மேலோ, 200 தடவையோ தன் ஜனங்களுக்கு விற்கிறவர், அங்கே காலடி வைக்காவிட்டாலும் வரி வசூலித்துக் கொடுக்க வேண்டும் என்று அது சட்டம் செய்திருந்தது. ஐந்து நீதிபதிகள் சரி என்றார்கள். நான்கு பேர் மறுத்தார்கள். மாநிலம் ஜெயித்தது. பிற மாநிலங்களும் அதே மாதிரிச் சட்டம் செய்தன. முன்பு வரி இல்லாமல் வந்த பில்களில் எல்லாம் வரி முளைத்தது இப்படித்தான்.

இதைக் கேட்டு விளையாட்டுப் பிரியர்கள் முணுமுணுத்தார்கள். "விளையாட்டுக்குக்கூடவா வரி?" என்றார்கள். எனக்கு அந்த முணுமுணுப்பில் அவ்வளவு அனுதாபம் இல்லை. தெருமூலையில் வாடகை கொடுத்துக் கடை வைத்து, விளையாட்டுப் பெட்டிகளை அடுக்கி விற்ற வியாபாரி, முதல் நாளிலிருந்து வரி வசூலித்துச் சர்க்காருக்குக் கட்டிக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத கடைக்காரர் மட்டும் தப்பித்துக்கொள்வது என்ன நியாயம்? தெருவிலே பனியை நகராட்சி வண்டி வாரித் தள்ளினால்தான் என் பேரன் வாசலுக்கு வந்து மிச்சப் பனியை வாரிப் பணம் பண்ண முடியும். அந்த வண்டிக்குப் பெட்ரோல் யார் போடுவது?

நம் ராஜாஜி 1939-ல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டு வந்தபோதும் வியாபாரிகள் கொதித்தார்கள். இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரி அதுதான். கள்ளுக்கடைகளை மூடத் தொடங்கியதால் குறைந்த வருமானத்தை ஈடு செய்ய அவர் கண்ட வழி அது. குடிக்கிறவனிடம் வாங்கிய பணத்தை, வாங்குகிறவர்கள் எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம் என்று பார்த்தார். வரி கசப்பானது, ஆனால் எதற்காக என்பது தெரிந்தால் விழுங்கலாம்.

நம் நாட்டில் இன்று இந்தச் சந்தாவின் கதை என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். வெளிநாட்டுக் கம்பெனி இன்டர்நெட் மூலம் நம் வீட்டு மனிதர்களுக்கு விற்கும் இப்படிப்பட்ட சேவைகளுக்கு 2016 டிசம்பர் 1 முதல் சேவை வரி வந்தது. 2017 ஜூலை 1 முதல் அது ஜி.எஸ்.டி.யாக மாறி 18 சதவீதம் ஆயிற்று. மனிதக் கை அதிகம் படாமல், இயந்திரமே இன்டர்நெட் வழியாக நடத்திக் கொடுப்பது என்று 2023 வரையில் சட்டம் அதை வர்ணித்தது. இன்டர்நெட் விளையாட்டைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நான் சொல்வது பணம் வைத்து ஆடும் சீட்டாட்ட வகையைப் பற்றி அல்ல. அது தனிக் கதை. அதற்கு 2023 அக்டோபர் முதல் 28 சதவீதம் போட்டார்கள். 2025 ஆகஸ்டில் அதையே தடை செய்து பார்லிமென்டில் சட்டம் செய்தார்கள். சும்மா பொழுதுபோக்குக்காகச் சந்தா கட்டி ஆடுகிற பிள்ளையின் பில்லைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

ஆக, ஒரே சந்தாவுக்கு எத்தனை பெயர்! வாஷிங்டன் மாநிலத்தில் அது விற்பனை வரிக்கு உட்பட்ட சரக்கு வகை. சிக்காகோவில் கொட்டகை நுழைவு. நம் ஊரில் சேவை. பெயர் எதுவானால் என்ன, காசு ஒன்றுதானே என்று நானும் விட்டுவிட்டிருப்பேன். ஆனால் சில வருஷங்கள் கழித்து, பேரன் கல்லூரியில் சேர்ந்த பிறகு, ஒரு நாள் தொலைபேசியில் அவன் சொன்ன சமாசாரம் என்னை யோசிக்க வைத்தது.

சிறு வயதில் அவன் வேறொரு விளையாட்டை விலைக்கு வாங்கியிருந்தான். சந்தா இல்லை, ஒரே தடவை பணம். சிக்காகோவில் கடைக்குப் போய், தட்டாகவே வாங்கி வந்தான். தொட்டுப் பார்க்கக் கூடிய பொருள் ஆதலால் ரசீதில் விற்பனை வரி இருந்தது; அவனும் கட்டினான். வருஷங்கள் கழித்து அந்தக் கம்பெனி (பெயர் எதற்கு?) விளையாட்டு நடக்கும் தன் பெரிய கம்ப்யூட்டர்களை நிறுத்திவிட்டது. தட்டு இவன் மேஜையிலேயே பளபளவென்று இருக்கிறது. உள்ளே போட்டால் விளையாட்டு வருவதில்லை. கேட்டு எழுதினான். "தாங்கள் வாங்கியது விளையாட்டை அல்ல, அதை ஆடுவதற்கான அனுமதியை. அனுமதி முடிந்தது" என்று மரியாதையாகப் பதில் வந்தது.

"நான் வாங்கினேன் தாத்தா. ரசீது இருக்கு. டாக்ஸ்கூட கட்டியிருக்கேன்" என்றான்.

எனக்கு உடனே தக்காளி ஞாபகம் வந்தது. வெற்றிலை ஞாபகம் வந்தது. ஜனங்களின் பேச்சே சட்டத்தின் பேச்சு என்றார்களே நீதிபதிகள்! அப்படியானால் இந்தப் பையனின் பேச்சு எது? அவன் 'அனுமதி பெற்றேன்' என்றா சொல்கிறான்? 'வாங்கினேன்' என்கிறான். கடைக்காரர் என்ன சொன்னார்? 'வாங்குங்கள்' என்றார். விளம்பரத்தில் என்ன இருந்தது? 'இன்றே வாங்குங்கள்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சர்க்கார் என்ன சொல்லிற்று? 'விற்பனை' என்று சொல்லி வரியை எடுத்துக்கொண்டது. ஒப்பந்தப் பத்திரத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் எழுத்தில்தான் 'அனுமதி' என்ற சொல் பதுங்கியிருந்தது. காசு வாங்கும் வரையில் அது விற்பனை. காசு கொடுத்தவன் உரிமை கேட்டால் அது அனுமதி.

இது என் பேரனுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2014-ல் வெளியான 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டை, யூபிசாஃப்ட் கம்பெனி 2024 மார்ச்சு கடைசியோடு நிறுத்திற்று. கம்பெனியின் கம்ப்யூட்டரோடு சம்பந்தம் இருந்தால்தான் அந்த விளையாட்டு ஓடும். ஆகவே முழு விலை கொடுத்தவர்கள் கையிலும் அது உயிரற்றுப் போயிற்று. அதைக் கண்டு ஐரோப்பாவில் ஓர் இயக்கமே கிளம்பியது. விலை கொடுத்த விளையாட்டைக் கம்பெனி கொன்றுவிடக் கூடாது என்று ஐரோப்பிய யூனியனுக்கு அனுப்பிய மனுவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

கலிபோர்னியா மாநிலம் 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் செய்தது. 2025 ஜனவரி 1 முதல் அது அமுலுக்கு வந்தது. பின்னால் பிடுங்கிக்கொள்ளக் கூடிய அனுமதியை மட்டும் கொடுத்துவிட்டு, அதை 'வாங்குங்கள்' என்ற சொல்லால் விற்கக் கூடாது. இது அனுமதிதான் என்று தெளிவாகச் சொல்லிவிட்டே விற்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நல்ல காரியம். ஆனால் சந்தா சேவைகளை அது தன் கைக்கு வெளியே விட்டுவிட்டது. சந்தா என்றாலே தாற்காலிகம் என்பது எல்லோருக்கும் தெரியும் என்ற எண்ணம் போலும்.

தெரியும்தான். மாதச் சந்தா கட்டுகிற பையனுக்கு, அடுத்த மாதம் கட்டாவிட்டால் கதவு மூடிக்கொள்ளும் என்று தெரியும். ஆனால் அவன் ஐந்து வருஷம் கட்டினான் என்று வையுங்கள். ஐந்து வருஷமும் இரவெல்லாம் கண் விழித்து ஒரு வீரனை வளர்த்தான். அவனுக்கு வாள் சேர்த்தான், கவசம் சேர்த்தான், தோழர்களைச் சேர்த்தான். ஒவ்வொரு மாதமும் சந்தாவோடு வரியும் கட்டினான். ஒரு நாள் கம்பெனி அந்த நாட்டையே கலைத்துவிடுகிறது. அத்தனை மாதங்களும் ஏதோ ஒன்று விற்பனையானது என்று சர்க்காரின் கணக்குப் புத்தகம் சாட்சி சொல்கிறது. எது விற்பனையானது என்று அந்தப் பையன் கேட்டால், பதில் சொல்ல யாருக்கும் கடமை இல்லை.

வரி என்பது வெறும் வசூல் என்று நான் நினைக்கவில்லை. அது ஒரு சாட்சிக் கையெழுத்து. "இன்னார் இன்னாருக்கு இன்னதைக் கொடுத்தார், நான் பார்த்தேன், அதற்கு என் பங்கை எடுத்துக்கொண்டேன்" என்று சர்க்கார் போடும் கையெழுத்து. நம் ஊரில் நிலப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரை, பின்னால் தகராறு வந்தால் கூப்பிட்டுக் கேட்பார்கள். "அந்தச் சமயம் என் பேனாவில் மை இருந்தது, போட்டேன், விவகாரம் எனக்குத் தெரியாது" என்று அவர் நழுவினால் ஊரில் மதிப்பார்களா? சாட்சிக் கூலி வாங்கியவர் சாட்சி சொல்லவும் வர வேண்டும்.

அந்த விதத்தில் பார்த்தால், எனக்குச் சிக்காகோ நகர சபையின் மேல் ஒரு மரியாதைகூட உண்டாகிறது. அது மழுப்பவில்லை. "நீ வாங்கவில்லை, நுழைந்தாய்" என்று பட்டவர்த்தனமாகச் சொல்லி வரி போட்டது. 9 சதவீதம் அதிகமா, குறைவா என்று சண்டை போடலாம். ஆனால் காசு கொடுத்தவனுக்குத் தன் நிலைமை என்ன என்பது தெரிந்துவிட்டது. விற்பனை என்று சொல்லி வரி வாங்கும் சர்க்கார்கள், அதே மூச்சில் விற்பனைக்கு உரிய உரிமையையும் வாங்கினவனுக்குக் கொடுக்கட்டும். கம்பெனி கடையைக் கட்டும்போது, விளையாட்டைத் தன் வீட்டிலாவது வைத்து ஆட அவனுக்கு ஒரு வழி செய்துவிட்டுப் போகட்டும். அது முடியாது என்றால் அனுமதி என்றே சொல்லட்டும். அனுமதிக்கு உரிய விலையைச் சொல்லி, அனுமதிக்கு உரிய வரியைப் போடட்டும். இரண்டில் எந்தப் பெயரானாலும் சரி, விளம்பரத்திலும் ஒப்பந்தத்திலும் வரிக் கணக்கிலும் அது ஒரே பெயராக இருக்க வேண்டும்.

இதற்குப் பெரிய சட்டப் புத்தகம் ஒன்றும் வேண்டியதில்லை. விலைக்குக் கீழே வரிக்காக ஒரு வரி எழுதுகிறார்கள் அல்லவா? அதற்கும் கீழே இன்னும் ஒரு வரி எழுதட்டும்: இன்னது கொடுக்கப்பட்டது, இன்ன காலம் வரையில் என்று. எறும்பு எழுத்தில் அல்ல. விலையை எழுதிய அதே அளவு எழுத்தில். பனி வாரிச் சம்பாதித்த பணத்தைக் கொடுக்கும் பிள்ளைக்கு, கொடுப்பதற்கு முன்னால் அதைப் படித்துப் பார்க்கிற உரிமை உண்டு.